மருயாமைட்டு

மருயாமைட்டு என்பது தோரமல்லிக் கனிமக் குழுவைச் சேர்ந்த, மிக அரிதாகக் கிடைக்கும் ஒரு போரான் சிலிக்கேட்டுக் கனிமம் ஆகும். இக்குழுவில் பொட்டாசியம் முதன்மை இடம் வகிப்பதாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முதல் கனிமம் இதுவே. வட கசக்கசுத்தானில் உள்ள கொக்சேத்தாவ் பாறைத்திரளின் கும்டி-கோல் பகுதியில், மீயுயர் அழுத்தத்தில் உருமாறிய பாறைகளில் இது கண்டறியப்பட்டது. இக்கனிமத்தின் மணிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள நுண்வைரங்கள் சிறைப்பட்டுள்ளன. ஆகவே, நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சென்று மீண்ட பாறைகளின் வரலாற்றை அறிய உதவும் சான்றாக இது கருதப்படுகிறது.

பெயர்க்காரணம்

சப்பானிய நிலவியலாளர் சிகெனோரி மருயாமாவின் பெயரால் இக்கனிமம் அழைக்கப்படுகிறது. தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த இவர், கொக்சேத்தாவ் பகுதியின் மீயுயர் அழுத்தப் பாறைகளைப் பற்றிய விரிவான ஆய்வுகளை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் 2013-123 என்னும் எண்ணின் கீழ் இதனைப் புதிய கனிமமாக ஏற்றது. இதன் முழுமையான விவரிப்பு 2016ஆம் ஆண்டு அமெரிக்கன் மினரலாச்சிசுட்டு என்னும் ஆய்விதழில் வெளியானது. கனடா, அமெரிக்கா, சப்பான் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் இணைந்து அதனை எழுதினர்.

பெயரிடப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இப்பாறைகளில் பொட்டாசியம் மிகுந்த தோரமல்லி இருப்பதைச் சப்பானிய ஆய்வாளர்கள் அறிந்திருந்தனர். 2005இல் இது குறித்த முதல் அறிக்கை வெளிவந்தது. ஒரு பொருளில் பொட்டாசியம் மிகுந்துள்ளது என்று அறிவது வேறு. அதனைத் தனிக் கனிமமாக நிறுவுவது வேறு. படிக அணிக்கோப்பில் எந்தத் தனிமம் எந்த இடத்தில் எவ்வளவு உள்ளது என்பதைத் தெளிவாக அளந்து காட்டிய பின்னரே புதிய பெயர் வழங்கப்படும். இடைப்பட்ட ஆண்டுகள் இதற்கே செலவாயின.

தோரமல்லிக் குழு

தோரமல்லி என்பது ஒரே கனிமம் அன்று. ஒரே வகைக் கட்டமைப்பைக் கொண்ட பல கனிமங்களின் தொகுதி ஆகும். இதில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'தூர்மலைன்' என்னும் பெயர், 'தோரமல்லி' என்னும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. இலங்கையின் இரத்தினக்கல் வணிகர்கள் பல்வேறு நிறக் கற்களை இப்பெயரால் அழைத்தனர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்த வணிகர்கள் வழியாகக் கற்களும் பெயரும் ஐரோப்பாவை அடைந்தன. சூடாக்கிய தோரமல்லி மின்னேற்றம் பெற்றுச் சாம்பல் துகள்களை ஈர்ப்பதை அங்குள்ளோர் வியப்புடன் நோக்கினர். இப்பண்பு வெப்பமின் விளைவு எனப்படுகிறது.

இக்குழுவின் நன்கறியப்பட்ட உறுப்பினர்கள் சில:

சோர்ல்: இரும்பு மிகுந்த கருநிறத் தோரமல்லி. உலகில் மிகப் பரவலாகக் கிடைப்பது இதுவே.

திராவைட்டு: மக்னீசியம் மிகுந்த பழுப்புநிறத் தோரமல்லி. நடு ஐரோப்பாவின் திராவா ஆற்றின் பெயரைக் கொண்டது. உருமாறிய பாறைகளில் பரவலாகக் காணப்படும்.

எல்பைட்டு: இலித்தியம் கொண்டது. இத்தாலியின் எல்பா தீவின் பெயரைப் பெற்றது. இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் எனப் பல நிறங்களில் அமைவதால் அணிகலன்களில் பதிக்கப்படுகிறது.

மருயாமைட்டு வேதியியல் அடிப்படையில் திராவைட்டுக்கு நெருங்கிய உறவுடையது. இரண்டிலும் மக்னீசியமும் அலுமினியமும் மிகுந்துள்ளன. திராவைட்டில் சோடியம் அமரும் இடத்தை மருயாமைட்டில் பொட்டாசியம் கைப்பற்றியிருப்பதே முதன்மையான வேறுபாடு ஆகும்.

கட்டமைப்பும் வேதி இயைபும்

மருயாமைட்டின் நல்லியல்பு வாய்பாட்டில் 1 பொட்டாசியம், 2 மக்னீசியம், 7 அலுமினியம், 3 போரான், 6 சிலிக்கான், 31 ஆக்சிசன், 3 ஐதரசன் அணுக்கள் அடங்கும். எல்லாத் தோரமல்லிகளையும் போலவே இதிலும் ஆறு சிலிக்கான்-ஆக்சிசன் நான்முகிகள் கைகோத்து ஒரு வளையமாக அமைகின்றன. ஒவ்வொரு போரான் அணுவும் மூன்று ஆக்சிசன் அணுக்களுடன் சேர்ந்து தட்டையான முக்கோணத்தை உருவாக்குகிறது. மக்னீசியமும் அலுமினியமும் எண்முகி வடிவ இடங்களில் அமர்கின்றன.

வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது அவற்றின் நடுவே ஓர் இடைவெளி உண்டாகிறது. ஒன்பது ஆக்சிசன் அணுக்கள் சூழ்ந்த இவ்விடத்தில் பெரிய அயனி ஒன்று அமரலாம், வெற்றிடமாகவும் இருக்கலாம். பெரும்பாலான தோரமல்லிகளில் இவ்விடத்தில் சோடியமும், சிலவற்றில் கால்சியமும் இருக்கும். ஓர் இடத்தைப் பல தனிமங்கள் பகிர்ந்துகொள்ளும்போது, அவற்றுள் மிகுதியாக உள்ளதைக் கொண்டே கனிமத்தின் இனம் முடிவு செய்யப்படுகிறது. மருயாமைட்டின் மாதிரிகளில் இவ்விடங்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் பொட்டாசியம் உள்ளது. எஞ்சியவற்றைச் சோடியமும் கால்சியமும் நிரப்புகின்றன.

பொட்டாசியம் இங்கு அமர்வது ஏன் அரிது என்பதற்கு அயனியின் அளவு விடை தருகிறது. ஒன்பது ஆக்சிசன் அணுக்கள் சூழ்ந்த நிலையில் சோடியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 1.24 ஆங்சுட்ராம், பொட்டாசியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 1.55 ஆங்சுட்ராம். அதாவது பொட்டாசியம் நான்கில் ஒரு பங்கு பெரியது. இயல்பான சூழலில் தோரமல்லியின் சிறிய அறைக்குள் இது எளிதில் நுழைவதில்லை. அருகிலேயே காக்காப்பொன் எனப்படும் மைக்கா, பெல்சுபார் போன்ற பொட்டாசியத்திற்கு ஏற்ற கனிமங்கள் இருக்கையில், பொட்டாசியம் அவற்றையே நாடிச் செல்கிறது. எனவே சாதாரணத் தோரமல்லிகளில் பொட்டாசியம் மிகச் சிறிதளவே காணப்படும்.

இயற்பியல் பண்புகள்

நிறம்: வெளிர் பழுப்பு முதல் பழுப்பு வரை
கீற்று நிறம்: வெண்மை முதல் மிக வெளிர் பழுப்பு வரை
மிளிர்வு: கண்ணாடி போன்றது
மோவின் கடினத்தன்மை: சுமார் 7
கணக்கிட்ட அடர்த்தி: 3.081 கிராம்/கன செ.மீ.
பிளவு: காணப்படவில்லை
படிகத் தொகுதி: முக்கோணத் தொகுதி
அலகு அறை அளவுகள்: 15.955 ஆங்சுட்ராம், 7.227 ஆங்சுட்ராம்
மணிகளின் அளவு: 2 மி.மீ. வரை

மருயாமைட்டு மணிகள் குவார்ட்சும் பொட்டாசியப் பெல்சுபாரும் நிறைந்த நைசுப் பாறையில் பதிந்து காணப்படுகின்றன. வெறுங்கண்ணால் நோக்குவோருக்கு இது ஒரு சாதாரண பழுப்புநிறப் புள்ளியாகவே தோன்றும். அணிகலனாகப் பயன்படுத்தத்தக்க அளவோ தெளிவோ இதற்கு இல்லை.

உருமாறிய பாறைகளில் தோரமல்லி தோன்றும் விதம்

தோரமல்லி உருவாகப் போரான் இன்றியமையாதது. புவியின் மூடகத்தில் போரான் மிகக் குறைவு. பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே உள்ளது. கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் போரான் கரைந்துள்ளது. கடலடியில் படியும் களிமண் துகள்கள் இந்தப் போரானைத் தம்மீது ஈர்த்துக்கொள்கின்றன. இதனால் கடற்களிமண் பாறைகளில் போரானின் அளவு பத்து இலட்சத்தில் நூறு பங்கு என்னும் அளவை எட்டுகிறது.

இக்களிமண் புதைந்து வெப்பமும் அழுத்தமும் கூடும்போது, களிமண் கனிமங்கள் சிதைந்து மைக்காவாக மாறுகின்றன. அப்போது விடுபடும் போரான், பாறையின் இடுக்குகளில் உள்ள நீர்ம ஊடகத்தில் கரைந்து, அலுமினியம், சிலிக்கான், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றுடன் சேர்ந்து தோரமல்லியாகப் படிகமாகிறது. படிவுடன் அடித்து வரப்பட்ட பழைய தோரமல்லி மணி ஏதேனும் இருப்பின், அதுவே கருவாக அமைந்து அதன்மேல் புதிய அடுக்கு வளரும்.

தோரமல்லியின் மற்றொரு சிறப்பு, அதனுள் தனிமங்கள் இடம்பெயர்வது மிக மெதுவாக நிகழ்வதாகும். பல கனிமங்கள் உயர் வெப்பநிலையில் தம் பழைய வேதி இயைபை இழந்து சீராகிவிடுகின்றன. தோரமல்லியோ, ஒவ்வோர் அடுக்கும் வளர்ந்தபோது இருந்த சூழலின் இயைபைப் பெரும்பாலும் அப்படியே காத்து வைக்கிறது. மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல, உள்ளிருந்து வெளியே செல்லச் செல்லப் பாறையின் வரலாறு வரிசையாகக் கிடைக்கிறது.

கொக்சேத்தாவ் பாறைகளின் வரலாறு

நீண்ட காலமாக, கண்ட ஓட்டின் பாறைகள் ஆழமான மூடகத்திற்குள் செல்ல இயலாது என்றே நிலவியலாளர் கருதினர். கண்டப் பாறைகளின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.7 கிராம், மூடகப் பாறைகளின் அடர்த்தி ஏறத்தாழ 3.3 கிராம். எடை குறைந்தது எடை மிகுந்ததற்குள் அமிழாது என்பதே இக்கருத்தின் அடிப்படை.

1984ஆம் ஆண்டில் இக்கருத்து ஆட்டங்கண்டது. மேற்கு ஆல்ப்சு மலையிலும் நார்வேயிலும் உள்ள உருமாறிய பாறைகளில் கோயசைட்டு என்னும் கனிமம் இருப்பது அவ்வாண்டு அறிவிக்கப்பட்டது. கோயசைட்டு என்பது குவார்ட்சின் உயர் அழுத்த வடிவம்; ஏறத்தாழ 90 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்திலேயே அது நிலைத்திருக்கும். 1990இல் சோபொலேவ், சாத்சுகி ஆகிய உருசிய ஆய்வாளர்கள், கொக்சேத்தாவ் பாறைகளின் கார்னெட்டு மணிகளுக்குள் நுண்வைரங்கள் இருப்பதை நேச்சர் இதழில் வெளியிட்டனர். எரிமலைக் குழாய்கள் வழியே மேலே வரும் வைரங்களையே அதுவரை அறிந்திருந்த உலகிற்கு, கடலடிப் படிவாக இருந்த பாறைக்குள்ளேயே வைரம் விளைந்திருந்தது புதிய செய்தியாகும்.

இப்பாறைகள் ஏறத்தாழ 53 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியக் காலத்தில், புவித்தட்டு ஒன்றின் கீழமிழ்தலின்போது ஆழத்திற்கு இழுத்துச் செல்லப்பட்டன. அங்கு அவை 4 கிகாபாசுக்கலுக்கும் அதிகமான அழுத்தத்தையும் 900 முதல் 1000 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையையும் அடைந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. 4 கிகாபாசுக்கல் என்பது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 40,000 மடங்கு; ஆழத்தில் சொல்வதானால் 120 கி.மீ.க்கும் மேல். பின்னர் அவை மிதப்பாற்றலின் உதவியால் மீண்டும் மேலெழுந்தன. கீழே செல்ல இயலாது என்று கருதப்பட்டதற்குக் காரணமான அதே எடைக்குறைவு, அவை மேலே வரத் துணைபுரிந்தது.

மருயாமைட்டு உருவாதல்

கொக்சேத்தாவ் தோரமல்லி மணிகளைக் குறுக்காக வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் ஆராயும்போது அடுக்குகள் தென்படுகின்றன. நடுப்பகுதி பொட்டாசியம் மிகுந்தது. மருயாமைட்டு எனத் தகுதி பெறுவது இப்பகுதியே. அங்கு பொட்டாசியம் ஆக்சைடின் அளவு எடையில் இரண்டரை விழுக்காட்டை ஒட்டி உள்ளது. வெளிப்புற அடுக்குகளை நோக்கிச் செல்லச் செல்லப் பொட்டாசியம் குறைகிறது. நுண்வைரங்கள் பொட்டாசியம் மிகுந்த நடுப்பகுதியில் காணப்படுகின்றன. வெளி அடுக்குகளில் காணப்படவில்லை.

பொட்டாசியமும் வைரமும் ஒருங்கே அமைந்திருப்பதை ஆய்வாளர்கள் பின்வருமாறு விளக்குகின்றனர். பாறை மிக ஆழத்தில் இருந்தபோது பொட்டாசியம் நிறைந்த நீர்மமோ பாறைக்குழம்போ அதில் பரவியிருந்தது. பொட்டாசியத்தைத் தாங்கிய மைக்கா உயர் வெப்பநிலையில் சிதைந்து உருகும்போது இத்தகைய ஊடகம் உண்டாகும். மிகுந்த அழுத்தத்தில் பொட்டாசியம் தோரமல்லியின் நடு இடத்தில் அமர்ந்தது. பாறை மேலெழுந்து அழுத்தம் குறைந்தபோது வளர்ந்த அடுக்குகளில் பொட்டாசியத்தின் பங்கு குறைந்தது.

இவ்விளக்கத்தைச் சோதிக்க ஆய்வகத்தில் தோரமல்லி செயற்கையாக உருவாக்கப்பட்டது. செருமானிய ஆய்வாளர்களின் 2014ஆம் ஆண்டு ஆய்வில், சோடியம் அறவே இல்லாத, பொட்டாசியம் உள்ள கலவைகள் 0.2 முதல் 4 கிகாபாசுக்கல் வரையிலான அழுத்தங்களில் சூடாக்கப்பட்டன. குறைந்த அழுத்தத்தில் தோரமல்லி உருவானாலும், அதன் நடு இடங்களில் பெரும்பான்மை வெற்றிடமாகவே இருந்தன. சுற்றிலும் பொட்டாசியமே இருந்தபோதும் அது உள்ளே சேரவில்லை. அழுத்தம் கூடக்கூட உள்ளே சேர்ந்த பொட்டாசியத்தின் அளவும் கூடியது; மீயுயர் அழுத்தத்தில் பொட்டாசியமே பெரும்பான்மை பெற்றது.

ஆயினும் அழுத்தம் மட்டுமே காரணம் என்று கொள்ள இயலாது. பொலிவியாவில் கிடைக்கும் பொவொந்திரைட்டு என்னும் இரும்பு மிகுந்த தோரமல்லியில், ஆழமற்ற சூழலில் தோன்றியிருந்தும், குறிப்பிடத்தக்க அளவு பொட்டாசியம் உள்ளது. இரும்பு அயனிகள் அலுமினிய அயனிகளைவிடப் பெரியவை; அவை கட்டமைப்பை விரித்து நடு இடத்தைப் பெரிதாக்குகின்றன. எனவே அழுத்தம், ஊடகத்தின் இயைபு, கட்டமைப்பின் அளவு ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்க வேண்டும். அலுமினியம் மிகுந்த மருயாமைட்டில் விரிந்த கட்டமைப்பு இல்லை. ஆகவே அங்கு அழுத்தத்தின் பங்கு பெரிதாகிறது.

வைரம் ஒரு சான்றாகுமா?

ஒரு மணிக்குள் வைரம் இருப்பதால் மட்டும், அம்மணி வைரம் நிலைத்திருக்கும் ஆழத்தில்தான் வளர்ந்தது என்று உறுதியாகக் கூற முடியாது. வைரம் முன்பே விளைந்திருக்க, பாறை மேலெழும் வழியில் வளர்ந்த தோரமல்லி அதனைச் சூழ்ந்து விழுங்கியிருக்கலாம். அழுத்தம் குறைந்த இடத்திலும் வைரம் உடனே கிராபைட்டாக மாறுவதில்லை. மக்கள் அணியும் வைரங்கள் புவிப்பரப்பில் நிலைத்திருப்பதே இதற்குச் சான்று. இதனால் மருயாமைட்டு எந்த ஆழத்தில் வளர்ந்தது என்னும் வினா ஆய்வாளரிடையே விவாதத்திற்கு உள்ளானது.

வைரத்தின் உச்ச ஆழத்தை ஒட்டிய நிலையிலேயே மருயாமைட்டு படிகமாகியிருக்க வேண்டும் என்பதே 2016ஆம் ஆண்டு விவரிப்பின் கருத்தாகும். வைரங்கள் பொட்டாசியம் மிகுந்த பகுதியில் மட்டும் இருப்பதும், பொட்டாசியம் சேர்வதற்கு உயர் அழுத்தம் உதவுவதைச் சோதனைகள் காட்டியதும் இதற்கு வலுச் சேர்க்கின்றன. தனித்து நின்றால் இரண்டுமே முழுச் சான்று ஆகா. ஒன்றையொன்று சாராத இரு வழிகள் ஒரே முடிவைச் சுட்டுவதாலேயே இக்கருத்து வலிமை பெறுகிறது. வைரத்தைத் தாங்கும் பிற கனிமங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முக்கியத்துவம்

மருயாமைட்டுக்கு வணிகப் பயன் எதுவும் இல்லை. அதன் மதிப்பு புவியின் உள்ளியக்கத்தை அறிவதில் உள்ளது.

முதலாவதாக, போரானின் சுழற்சி. கடலடிப் படிவுகளுடன் கீழே செல்லும் போரானின் பெரும்பகுதி, ஆழம் குறைந்த கட்டங்களிலேயே நீருடன் வெளியேறி, மேலே உள்ள எரிமலைகளின் வழியாகத் திரும்பிவிடுகிறது. தீவு வளைவு எரிமலைப் பாறைகளில் போரான் மிகுந்திருப்பது இதனாலாகும். மருயாமைட்டின் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடு போரான். தோரமல்லி வைரம் விளையும் ஆழம் வரை சிதையாமல் நிற்கக்கூடும் எனில், போரானின் ஒரு பகுதி எரிமலைகளுக்குத் தப்பி மூடகத்தினுள் செல்ல வழி உண்டு என்று பொருள். போரானின் இரு நிலையான ஓரிடத்தான்களாகிய போரான்-10, போரான்-11 ஆகியவற்றின் விகிதத்தை அடுக்கு அடுக்காக அளந்து, அந்தப் போரான் எங்கிருந்து வந்தது என்பதையும் ஆராய முடிகிறது.

இரண்டாவதாக, அழுத்தத்தை அறியும் கருவி. மீயுயர் அழுத்தப் பாறைகள் மேலெழும்போது பெரும்பாலும் உருமாறிவிடுகின்றன. கோயசைட்டு குவார்ட்சாகவும், வைரம் சில வேளைகளில் கிராபைட்டாகவும் மாறி, ஆழத்தின் தடயங்கள் அழிந்துபோகின்றன. கொக்சேத்தாவ் பாறைகளிலும் வைரங்கள் தப்பியது கார்னெட்டு, சிர்க்கான், தோரமல்லி போன்ற உறுதியான உறைகளுக்குள் இருந்ததாலேயே. வைரம் அழிந்துவிட்ட பாறையிலும் தோரமல்லியின் நடுவில் பொட்டாசியம் மிகுந்திருக்குமானால், அப்பாறை எவ்வளவு ஆழம் சென்றிருக்கக்கூடும் என்று ஆராய அது ஒரு தொடக்கக் குறிப்பாகும். ஊடகத்தின் இயைபையும் கணக்கில் கொண்டே இக்குறிப்பைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவதாக, தோரமல்லியின் வகைப்பாடு. 2011இல் வெளியான தோரமல்லிப் பெயரிடல் முறை, நடு இடத்தில் அமரும் தனிமத்தைக் கொண்டு கார உலோகக் குழு, கால்சியக் குழு, வெற்றிடக் குழு என மூன்றாகப் பகுத்தது. கார உலோகக் குழுவில் அதுவரை ஏற்கப்பட்டிருந்த இனங்கள் அனைத்திலும் சோடியமே முதன்மை பெற்றிருந்தது. மருயாமைட்டு அக்குழுவில் பொட்டாசியத்திற்கும் ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தது.